இரத்தத்தின் மேல் போடும் பழி

“உங்கள் இரத்தத்திலேயே இருக்கிறதாம். அதற்குத் தோட்டம் என்ன செய்ய முடியும்?”

சென்ற ஆண்டு, டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் காரியாலய வாசலில் எழுந்த கேள்வி இது. எந்தத் தோட்டம், எந்த உத்தியோகத்தர் என்பதெல்லாம் இங்கு வேண்டியதில்லை; இந்தக் கேள்வி எந்தத் தோட்டத்திலும் எழக் கூடியதே. அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் நம்மிடம் தமிழ் படித்த மாணவி. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தாயுடன் கொழுந்தெடுக்கப் போனவள். இருபத்திரண்டு வயது. கையில் நகரத்து வைத்தியசாலை கொடுத்த துண்டு ஒன்று இருந்தது. அதில் இரண்டு செய்திகள்: அவளுக்கு வந்திருப்பது லூப்பஸ் என்னும் நோய், அவள் வெயிலில் நிற்கக் கூடாது.

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு, வெயிலில் நிற்காதே என்று ஒரு மருந்து! மலைக்கு ஏறினால் வெயில், இல்லையேல் மழை. மூன்றாவது ஒன்று நம் பெண்களுக்கு வாய்த்ததில்லை. ஆகவே அவள் கேட்டது, பிள்ளைக் காம்பராவிலோ தொழிற்சாலைக்குள்ளோ நிழலில் இருந்து செய்யத்தக்க ஒரு வேலை. அதற்குக் கிடைத்த பதிலைத்தான் முதலில் எழுதினோம்.

அந்தத் துண்டு அவள் கைக்கு வந்து சேர ஒன்றரை ஆண்டு பிடித்தது. முதலில் விரல் மூட்டுகளில் வலி. விடியற்காலைப் பனியில் விரல் நுனிகள் வெளுத்து, பின் நீலம் பாரித்து, மரத்துப் போயின. கொழுந்து குறைந்தது, மடுவத்துத் தராசு அதைக் காட்டிக் கொடுத்தது, முழுப் பேர் அரைப் பேராயிற்று. (தோட்டம் அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல்: குறித்த கிலோவை எடுத்தால்தான் அன்றைய உழைப்பு ஒரு ‘பேர்’, இல்லையேல் அரை.) பாசாங்கு என்றார்கள். பின்னர் மூக்கின் இரு புறமும் கன்னங்களில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் செம்மை படர்ந்தது. காற்றுக் கருப்பு என்று மந்திரித்து நூல் கட்டினார்கள். தோட்ட மருந்தகத்தில் வலிக்குளிகை கொடுத்தார்கள். முகமும் காலும் வீங்கி, சிறுநீரகம் கெடத் தொடங்கிய பிறகே நகரத்துக்குப் பஸ் ஏற்றினார்கள்.

நகரத்து வைத்தியர் நல்லவர். அவர் சொன்னதில் பிழையேதுமில்லை. “இதில் பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு” என்றார். அந்த ‘ஒரு பங்கு’ மலையேறி வருகின்ற வழியில் ‘இரத்தத்தில் இருக்கிறது’ ஆயிற்று. லயத்தை அடைந்தபோது ‘குடும்பத்து நோய்’ ஆயிற்று. தங்கைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. காரியாலயத்திலோ அதே சொல் நிர்வாகத்தின் கைகழுவும் தண்ணீராயிற்று. “எங்க ரத்தம் கெட்ட ரத்தமா, சேர்?” என்று அத் தாய் நம்மைக் கேட்டார். வகுப்பறையில் விடை சொல்லிப் பழகிய நாம் அன்று விடை சொல்லாமல் திரும்பினோம். இந்தக் கட்டுரை அத் தாய்க்கு நாம் பட்ட கடன்.

அந்தப் ‘பங்கு’ யாது? எவ்வளவு? விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்லுகிறது என்பதை முதலில் பார்ப்போம். இலக்கியம் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் ஒன்றை எண்ண வேண்டும். ஒரு சொல் பொருள் திரிந்து மனிதரை வதைக்கும்போது, சொல்லுக்குப் பொருள் காண்பது தமிழாசிரியன் வேலையே.

நம் உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் ஒரே நூல் வைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகள் கொண்ட நூல் அது. கண்ணின் கலமும் ஈரலின் கலமும் வைத்திருப்பது அதே நூலைத்தான். ஆனால் ஒவ்வொரு கலமும் தனக்கு வேண்டிய பக்கங்களையே வாசிக்கிறது. எந்தப் பக்கத்தை வாசிப்பது, எப்போது வாசிப்பது, எவ்வளவு உரக்க வாசிப்பது என்பதை நெறிப்படுத்தும் குறிப்புகள் அந்நூலின் ஓரங்களில் எழுதப்பட்டுள்ளன. மண்ணெண்ணெய் விளக்கில் திரியை ஏற்றி இறக்கும் திருகை ஒத்தவை அவை. திருகு சுடரை உண்டாக்குவதில்லை. சுடர் எவ்வளவு எரியலாம் என்பதை மட்டும் வரையறுக்கிறது.

மனிதருக்கு மனிதர் இந்த ஓரக் குறிப்புகளில் சிறு எழுத்து வேறுபாடுகள் உண்டு. ஒருவரிடம் திரி சற்று ஏறியிருக்கும். இன்னொருவரிடம் சற்று இறங்கியிருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு ‘கெட்ட பரம்பரையலகு’ உண்டென்றும், அதைப் பிடித்துவிட்டால் நோயைப் பிடித்த மாதிரி என்றும் நம்பினார்கள். ஆயிரக்கணக்கானோரின் நூலை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்ததும் அந்த நம்பிக்கை கலைந்தது. லூப்பஸ், முடக்குவாதம், சிறுவயது நீரிழிவு முதலாக உடலின் காவற்படை உடலையே தாக்கும் நோய்கள் 21ஐ ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நோய்க்குத் துணை போகும் வேறுபாடுகளில் 90 சதவீதமளவு, புரதம் எவ்வாறு அமைய வேண்டும் என்று சொல்லும் வரிகளில் இல்லவே இல்லை. அவை ஓரங்களில் கிடக்கின்றன. 60 சதவீதமளவு, நம்மைக் காக்கும் நிர்ப்பீடனக் கலங்களில் வேலை செய்யும் திருகுகளின் மேலேயே கிடக்கின்றன.

இந்தப் பெண்ணின் நோயையே எடுத்துக்கொள்வோம். விடியுமுன் தப்படித்துப் பெரட்டுக்கு ஆளெழுப்பிய காலத்தை நம் பாட்டனார் அறிவர். உடலுக்குள்ளும் அப்படி ஒரு தப்பு உண்டு. இன்டர்பெரோன் என்பது அதன் பெயர். வைரசு நுழைந்தவுடன் அடித்து, கலங்களையெல்லாம் எழுப்பிவிடும் பொருள் அது. லூப்பஸ் நோயாளர் பலரின் இரத்தத்தில், பகை ஏதும் வராதபோதும் இத் தப்பு ஓயாது ஒலிக்கும் அடையாளம் 2003இல் கண்டறியப்பட்டது. அதை அடிக்கச் செய்யும் பரம்பரையலகுகளுள் ஒன்று ஐ.ஆர்.எஃப்.5. அதில் உள்ள சில வேறுபாடுகள் லூப்பஸோடு தொடர்புடையவை என்பது 2005இல் சுவீடன், பின்லாந்து நாட்டு நோயாளரிடம் தெரிய வந்தது. அவ் வேறுபாடுகளை உடையவரிடம் அந்தப் பக்கம் சற்று மிகுதியாகவும், சற்று வேறு வடிவிலும் வாசிக்கப்படுகிறது என்பது பின்னர் விளங்கிற்று. இத்தகைய இடங்கள் லூப்பஸுக்கு மட்டும் நூற்றுக்கு மேல் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் திரியை ஒரு மயிரிழை ஏற்றும், அல்லது இறக்கும். இவற்றுள் சில நம் எல்லோரிடமும் உண்டு. தீர்ப்புச் சொன்ன உத்தியோகத்தரிடமும் உண்டு.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரை எண்ணிப் பாருங்கள். இருவரிடமும் இருப்பது ஒரே நூல். இரத்தமே நோயானால், ஒருத்திக்கு லூப்பஸ் வந்தால் மற்றவளுக்கும் வந்தே தீர வேண்டும். ஆனால் 1992இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வில், ஒற்றைக்கரு இரட்டையரில் ஏறத்தாழ நான்கில் ஒரு சோடியிலேயே இருவருக்கும் நோய் இருந்தது. மற்ற மூன்று சோடிகளில் ஒருவர் நோயாளி. அதே நூலை வைத்திருந்த மற்றவர் சுகதேகி. கூடப் பிறந்த தங்கையோ பாதி நூலை மட்டுமே பகிர்ந்துகொள்பவள். அவளுக்கு வரும் வாய்ப்பு பிறரினும் கூடுதல்தான். ஆயினும் பெரும்பாலான சகோதரிகளுக்கு இந்நோய் வருவதில்லை. சம்பந்தத்தை நிறுத்திய பெரியவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அப்படியானால் ஏறியிருக்கும் திரியில் நெருப்பை வைப்பது எது? எல்லாம் தெரிந்துவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. தெரிந்தவற்றுள் முதன்மையானது வெயில். சூரியனின் ஊதாக் கடந்த கதிர்கள் தோற்கலங்களை உடைக்கின்றன. உடைந்த கலங்களின் உட்பொருள்கள் வெளியே சிந்துகின்றன. அவற்றைப் பகையென்று எண்ணித் தப்பு ஒலிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏறும்போதும் அந்தக் கதிர்களின் வலிமை 10 சதவீதமளவு கூடுகிறது. நம் தேயிலை மலைகள் ஆயிரம் மீற்றரை எப்போதோ தாண்டியவை. பனி மூடியிருக்கிறது, குளிர்கிறது, ஆகவே வெயில் இல்லை என்று எண்ணுவது ஏமாற்று. மெல்லிய முகிலையும் ஊடுருவி அக் கதிர்கள் இறங்கும்.

“தோட்டம் என்ன செய்ய முடியும்?” என்ற வினாவுக்கு விடை இப்போது எளிது. அவளுடைய நூலில் ஓர் எழுத்தையும் தோட்டத்தால் திருத்த முடியாது. வெயிலிலிருந்து அவளை எடுக்க முடியும். இவ்விரண்டில் தன்னால் முடியாத முதலாவதைக் காட்டி, முடிந்த இரண்டாவதிலிருந்து தப்பித்துக்கொள்வதற்குப் பெயர் விஞ்ஞானம் அன்று. சுரண்டலுக்குப் புதிய சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாட்டன் காலத்தில் ‘தலையெழுத்து’ என்றார்கள். இன்று ‘பரம்பரையலகு’ என்கிறார்கள். தலையெழுத்தை நம்பாதவன் கூடப் பரம்பரையலகை நம்பிவிடுகிறான், அங்கேதான் ஆபத்து.

இனி நம் பக்கத்து நண்பர்களோடும் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. இந்தச் செய்தியை வாசகர் வட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர் சீறினார். “பரம்பரையலகு என்ற பேச்சே பிற்போக்கு. நோய்க்குக் காரணம் பட்டினியும் லயமும் தான். மற்றதெல்லாம் முதலாளித்துவத்தின் புரட்டு” என்றார். அவருடைய கோபத்தின் வேர் நமக்குத் தெரியும். இன்ன சாதி இன்ன வேலைக்கென்றே பிறந்தது என்று தோட்டத்துரைமாரும் நம்மவரும் சேர்ந்து எழுதிய வரலாறு அது. இனத் தூய்மை என்று சொல்லி இட்லரின் ஆட்சி இலட்சோபலட்சம் மக்களைக் கொன்ற வரலாறு அது. ஆனால் ஓர் உண்மையைத் திருடன் கையில் எடுத்தான் என்பதற்காக அந்த உண்மையையே மறுத்துவிட்டால், அதை அவன் கையிலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்று பொருள்.

இடதுசாரிகளாகிய நாம் இந்தப் பிழையை ஒருமுறை செய்து, பெரு விலை கொடுத்தோம். 1948 ஆகஸ்டில் மாஸ்கோவில் கூடிய விவசாய விஞ்ஞானக் கழகத்தின் அமர்வில், பரம்பரையலகு என்பதே முதலாளித்துவக் கற்பனை என்னும் லைசெங்கோவின் கொள்கை அரச கொள்கையாயிற்று. அதற்கு முன்னரே, பயிர்களின் பூர்வீகத்தைத் தேடி உலகெங்கும் அலைந்து வித்துகளைச் சேர்த்த மேதை வவீலொவ், 1943இல் சரத்தோவ் சிறையில் மாண்டிருந்தார். பசியை ஒழிக்க உழைத்தவரைப் பசியோடு சாகவிட்டார்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் நம் ஏடுகளில் நாமே எழுதாவிட்டால், பகைவர் தமக்கு வேண்டியபடி எழுதுவர்.

அந்நாளில் இரண்டையும் விடாது பற்றி நின்றவர் ஹோல்டேன். இங்கிலாந்தின் பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவர். பரம்பரையியலுக்குக் கணித அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். லைசெங்கோ விவகாரத்தில் முதலில் தடுமாறினார் என்பது உண்மை. முடிவில் கட்சியை விட்டு விலகினார். 1957இல் கல்கத்தாவுக்கு வந்து, பின் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். அவர் 1949இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையின் கருத்து இன்று நம் விடயத்துக்கு நேரே வந்து நிற்கிறது. மனித குலத்தின் பரம்பரையைச் செதுக்கிய உளிகளுள் வலியது தொற்றுநோய் என்றார் அவர். நோயில் மாண்டவர்களின் நூல் அழிகிறது. பிழைத்தவர்களின் நூல் படியெடுக்கப்படுகிறது. அப்படியானால் நம் உடலில் உள்ள நிர்ப்பீடனத் திருகுகள், நம் முன்னோர் எந்தச் சாவிலிருந்து தப்பினார்கள் என்பதன் குறிப்பேடு.

மலேரியாவும் லூப்பஸும் சந்திக்கும் ஓர் இடம் இதற்கு நல்ல சான்று. நிர்ப்பீடனக் கலத்தின் வேகத்தை அடக்கும் கடிவாளம் ஒன்றை எஃப்.சி.ஜி.ஆர்.2பி என்னும் பரம்பரையலகு எழுதுகிறது. அதில் ஒரு வேறுபாடு கடிவாளத்தைத் தளர்த்திவிடுகிறது. (இது திரியை ஏற்றும் வகை அன்று, திருகின் புரியையே தேய்த்துவிடும் வகை.) அந்த வேறுபாட்டைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு லூப்பஸ் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதே வேறுபாடு கென்ய நாட்டுக் குழந்தைகளைக் கடும் மலேரியாவிலிருந்து காத்தது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஐரோப்பாவில் அது அருகியும், ஆபிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் மிகுந்தும் காணப்படுகிறது. ‘கெட்ட இரத்தம்’ என்று எதைச் சொல்லுகிறார்களோ, அது ஒரு காலத்தில் பிள்ளையைத் தொட்டிலில் காப்பாற்றிய இரத்தம்.

நம் மக்கள் கடந்து வந்த சாவுகள் எவை? 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் துரத்த, மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். அந்த வடக்குப் பாதையில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் விழுந்தவர்களை எண்ணியவர் எவருமில்லை. 1934-35இல் மலேரியா இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. உயர்ந்த தேயிலை மலைகள் அன்று பெரும்பாலும் தப்பின. கேகாலையும் குருநாகலும் சுடுகாடாயின. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகச் சென்றதும், நோயோடு சேர்த்துப் பசியையும் எதிர்த்ததும் நம் இயக்கத்தின் பொன்னேடுகள். நுளம்பும் உண்மை, பசியும் உண்மை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒன்றைச் சொல்ல மற்றதை மறுக்கவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்று வழங்கியது. காய்ச்சல் போய்விட்டது, அது செதுக்கிய எழுத்துகள் மட்டும் உடலில் இருந்துகொண்டே இருக்கும்.

இனி மூன்றாவது வாதம். அதை முன்வைப்போர் படித்தவர்கள், நாகரிகர்கள்; ஆகையால் அவர்களோடு வாதிடுவதே கடினம். “கவலை எதற்கு? மேல்நாட்டு ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து வருகின்றன. ஒரு துளி இரத்தத்தில் யாருக்கு எந்நோய் வருமென்று சொல்லிவிடுவார்கள்” என்பர் இவர்கள்.

யாருடைய இரத்தத்தில்?

2009இல் இவ்வகைப் பரம்பரை ஆய்வுகளில் கலந்துகொண்டோரில் 96 சதவீதத்தினர் ஐரோப்பிய வழியினர். 2016இல் அது 81 சதவீதமாயிற்று. இழையத்துக்கு இழையம் பரம்பரையலகுகள் எவ்வளவு உரக்க வாசிக்கப்படுகின்றன என்று அளந்த அமெரிக்காவின் பெரும் திட்டத்தில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் ஐரோப்பிய வழி அமெரிக்கர். அவர்களை அளந்தது குற்றமன்று. அவர்களை மட்டும் அளந்துவிட்டு ‘மனிதன்’ என்று தலைப்பிட்டதுதான் குற்றம். பி.டி.பி.என்.22 என்றொரு பரம்பரையலகு. அதில் 2004இல் கண்ட வேறுபாடு, முடக்குவாதத்துக்கும் சிறுவயது நீரிழிவுக்கும் துணை போவது என்று உலகெங்கும் பாடப்புத்தகம் ஏறியது. வட ஐரோப்பியரிடம் பத்திலொரு பங்களவு காணப்படும் அது, தென்னாசியரிடம் மிக மிக அரிது. அதை நம்மிடம் தேடி, இல்லையென்று கண்டு, ‘உனக்கு அபாயமில்லை’ என்று சீட்டெழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஐரோப்பியரைக் கொண்டு கணித்த அபாயப் புள்ளிகள் பிற மக்களிடம் துல்லியம் குன்றும் என்பதை 2019இல் விஞ்ஞானிகளே கணக்கோடு நிறுவினர். துரையின் காற்சட்டை அளவை வைத்துத் தொழிலாளிக்குச் சட்டை தைக்கிற கதை.

‘தமிழர் எங்குமே இல்லையா?’ என்று வாசகர் கேட்கலாம். இருக்கிறார்கள். 2015இல் நிறைவேறிய ஆயிரம் மரபுநூல் திட்டத்தில், 26 மக்கட் குழுக்களிலிருந்து 2,504 பேரின் நூல் முழுமையாக வாசிக்கப்பட்டது. அந்த 26இல் ஒன்று ‘இலங்கைத் தமிழர்’. 102 பேர். உலகெங்கும் ஆய்வாளர் இலங்கைத் தமிழரின் பரம்பரையை அறிய இன்றும் திறப்பது அந்த 102 பேரின் ஏட்டையே. அவர்கள் அனைவரும் பிரித்தானியாவில் வாழ்பவர்கள். இரத்தம் எடுக்கப்பட்டதும் அங்கேதான். யாழ்ப்பாணத்தில் அன்று, மட்டக்களப்பில் அன்று, டயகமவில் நிச்சயமாக அன்று.

நம் உடலை எண்ணியவர்களே இல்லை என்று சொல்ல மாட்டோம். மண்டபம் முகாமில் எண்ணினார்கள். நோயோடு வந்து தோட்டத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று தடுத்துவைத்துச் சோதித்தார்கள். 1916 தொடக்கம் ராக்பெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் கொழுக்கிப்புழுவுக்காக நம் மலத்தைச் சோதித்தார்கள். புழு உழைப்பைத் தின்கிறதே என்று துரைமாரும் ஒத்துழைத்தார்கள். 1948இல் குடியுரிமையைப் பறிக்க எண்ணினார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தலை எண்ணிப் பங்கிட்டார்கள். நோய் பரப்பாமலிருக்க, உழைப்புக் குறையாமலிருக்க, நாடு கடத்த என்று மூன்று வகையில் நம்மை எண்ணியாயிற்று. நாம் நலமாயிருக்க எண்ணப்படும் நாள் இன்னும் வரவில்லை.

வரமுடியாதது அன்று அந்த நாள். சிங்கப்பூர், யப்பான், தென்கொரியா, தாய்லாந்து, இந்தியா ஆகிய ஐந்து நாட்டு ஆய்வாளர் கூடி, 619 ஆசியரின் நிர்ப்பீடனக் கலங்களில் பரம்பரையலகுகள் எவ்வாறு வாசிக்கப்படுகின்றன என்பதைக் கலம் கலமாக அளந்து 2025இல் வெளியிட்டனர். சிங்கப்பூரின் இந்திய வழியினரும் அதில் உள்ளனர். மக்கட் குழுவுக்குக் குழு, ஒரே திருகு வெவ்வேறு அளவில் நிற்பதை அவ்வாய்வு காட்டியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நம் பல்கலைக்கழகங்களில் மருத்துவ பீடங்கள் இருக்கின்றன, திறமை இருக்கிறது, மனம் இருக்கிறதா என்பதே கேள்வி. அளக்க வருபவர்கள் சம்மதம் கேட்டு, நம் மொழியில் விளக்கி, கண்டதை நம்மிடமே திரும்பக் கொண்டுவந்து சொல்ல வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம். மலத்தையும் இரத்தத்தையும் கொடுத்துவிட்டு விளைவறியாமல் நின்ற தலைமுறைகள் போதும்.

இவ்வளவும் பிறரைச் சொன்னோம். நம் லயத்துக்குள்ளும் ஒரு குப்பை இருக்கிறது. “எங்கள் இரத்தத்தில் கலப்பில்லை” என்று மீசை முறுக்குகின்றவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தென்னாசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றுள் 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிலிருந்து பெருகி, நெடுங்காலம் தமக்குள்ளேயே மணமுடித்து வந்ததன் வடுவைக் கடுமையாகத் தாங்கியிருப்பதைக் காட்டியது. சாதி என்பது மனத்தில் மட்டுமன்று, உடலிலும் எழுதிவிட்டுப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பொதுவான லூப்பஸுக்கு இதனோடு நேர்த் தொடர்பு இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லுகிறோம். ஆனால் சி1கியூ என்னும் புரதம் அறவே இல்லாது பிறக்கும் அரிய குறைபாடு ஒன்றுண்டு. அக் குறையோடு பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூப்பஸ் வந்துவிடுகிறது. தாயும் தந்தையும் ஒரே பிழையைக் கொண்டிருந்தால்தான் அது நேரும். நெருங்கிய உறவில் மணக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். பரம்பரை ஏறத்தாழத் தீர்ப்பாகவே நிற்கும் இடம் இது. அத் தீர்ப்பை எழுதிய பேனா, ‘சொந்தத்தில் முடித்தால் சொத்தும் போகாது, சுத்தமும் கெடாது’ என்ற பேச்சு. அந்தத் தங்கையின் சம்பந்தத்தை நிறுத்திய வீட்டார், தம் மகனுக்கு இப்போது மாமன் மகளைப் பார்க்கிறார்களாம்!

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்டர்பெரோன் என்னும் தப்பின் ஓசை கலத்துக்குள் புகாதபடி வாசலை அடைக்கும் மருந்து ஒன்று, அனிஃப்ரோலுமாப் என்ற பெயரில் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறிவின் வெற்றிதான், மறுக்கவில்லை. அதன் விலையைக் கேட்டால், கொழுந்தெடுக்கும் குடும்பம் ஒன்று பரம்பரை பரம்பரையாக உழைக்க வேண்டும். பரம்பரையின் பங்கு அங்கே நன்றாகவே தெரிகிறது.

ஆனால் நம் மாணவிக்கு உயிர் கொடுத்துக் கொண்டிருப்பது அது அன்று. ஹைட்ரொக்சிக்குளோரோகுயின் என்னும் பழைய, மலிவான குளிகை. அதன் கதை நம் மலையோடு சேர்ந்த கதை. நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல தோட்டம் 1861இல் அமைக்கப்பட்டது பூப் பார்ப்பதற்கன்று. மலேரியாவுக்குக் குயினைன் தரும் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கே. 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றிப் பரவி, துரைமார் கதிகலங்கியபோது, மலை மலையாகச் சிங்கோனாவை நட்டார்கள். விலை விழுந்ததும் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். நட்டதும் பிடுங்கியதும் நம்மவர் கைகள். லண்டனில் பெய்ன் என்ற வைத்தியர் 1894இல் அதே குயினைனை லூப்பஸுக்குக் கொடுத்துப் பார்த்தார். குயினைனுக்கு மாற்றாக மலேரியாவுக்குச் செய்யப்பட்ட மெப்பகிரின், லூப்பஸைத் தணிக்கிறது என்று 1951இல் பேஜ் என்பவர் எழுதினார். அவ்வழியில் வந்ததே 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இக் குளிகை. மலேரியா செதுக்கிய உடலுக்கு, மலேரியாவின் மருந்தே துணையாயிற்று.

இந்த மலிவுக் குளிகையும் எப்போதும் கிடைப்பதில்லை. 2020இல் பெருந்தொற்றுக்கு இதுவே அருமருந்து என்று அமெரிக்க ஜனாதிபதியே கூவியபோது, பல நாடுகளில் லூப்பஸ் நோயாளருக்கு அது கிட்டாது போயிற்று. பெருந்தொற்றுக்கும் அது பயன்படவில்லை. 2022இல் இந்நாட்டின் திறைசேரி வெறுமையானபோது வைத்தியசாலைகளில் எத்தனையோ மருந்துகள் அற்றுப்போயின. குளிகையை நிறுத்தினால் நோய் திரும்பி எழும். எழுந்தால் சிறுநீரகத்தையும் பிடிக்கக் கூடும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க ஒரு சிறு தாள்துண்டு போதும். நனைத்தால் நிறம் மாறும். அந்தத் தாள் தோட்ட மருந்தகத்தில் இருந்திருந்தால், முகம் வீங்கும் வரை அவள் காத்திருந்திருக்க மாட்டாள்.

ஆகவே நாங்கள் ஆசிரியர் சிலர் கூடி, அவளுடைய தாயாரையும் வைத்துக்கொண்டு, ஒரு மனு எழுதினோம். வைத்தியத் துண்டு உள்ளவர்களுக்கு நிழல் வேலை. கிளினிக் நாளில் பேர் வெட்டாமை. மருந்தகத்தில் சிறுநீர்த் தாளும், இக் குளிகையின் மூன்று மாத இருப்பும். தோட்ட மருந்தகங்களை அரச சுகாதார சேவையோடு முழுமையாக இணைத்தல். தமிழில் நோயைச் சொல்லத் தெரிந்த ஒரு தாதி. ஐந்தே கோரிக்கைகள். எதிலும் இரத்தத்தை மாற்றச் சொல்லவில்லை. காரியாலயத்துக்கு ஒன்று, தொழிற்சங்கத்துக்கு ஒன்று, பிராந்திய சுகாதாரப் பணிமனைக்கு ஒன்று என்று மூன்று பிரதி கொடுத்தோம். தொழிற்சங்கத்தார் தேர்தல் முடியட்டும் என்றார்கள். பணிமனையில் பதிவு இலக்கம் தந்தார்கள். காரியாலயத்திலிருந்து பதிலில்லை.

அவள் இப்போதும் மலைக்குத்தான் போகிறாள். நீண்ட கைச்சட்டையும், தலையில் இரட்டைத் துணியும், கன்னத்தில் வைத்தியசாலைக் களிம்புமாகப் போகிறாள். மாதம் ஒருமுறை முதல் பஸ்ஸுக்கு இருட்டில் இறங்குகிறாள். அன்றைக்குப் பேர் இல்லை. மனுவின் நான்காவது பிரதி நம்மிடம் இருக்கிறது. பிற தோட்டங்களிலிருந்து இதே துண்டோடு எவரேனும் இருந்தால், அவர்களுடைய ஆசிரியர்கள் எழுதினால், அப் பெயர்களையும் சேர்த்துக் கொண்டு திரும்பவும் போவோம்.